நண்டுக்குழம்பு

மட்டிக்களிப் பக்கம் டிரான்ஸ்போமர் வெடித்தது
பின்னேரம் ஐந்தரைக்கு.
கச்சான் காற்றின் தலையில் பழியைப் போட்டுவிட்டு
எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள்.
றோட்டில் ஏற்கெனவே படுத்திருந்த மான்கள்
ஒருவருக்காகவும் எழும்பவில்லை.

ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்தது,
போனது,
யோசித்துவிட்டு மறுபடி வந்தது.
பிரிட்ஜ் செருமியது. ஃபேன் சுற்றியது.
றவுட்டர் மட்டும்
ஒரு சிவப்புக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு
என்னை ஆரென்று தெரியாததுபோல் இருந்தது.

நிலாவெளி ஹோட்டல்காரருக்கு விடியமுன்
கணக்கு அனுப்பவேண்டும்.
கழற்றி முப்பது எண்ணினேன். கொழுவினேன்.
வயரின் முனையை ஊதிப் பார்த்தேன்.
இந்த ஊரில் உப்பு எதையும் விடாது,
கேற்றின் பிணைச்சலில் துருவாக,
பிளக்கின் பல்லில் பச்சைக் களிம்பாக.
பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன்.
சிவப்பு.

மதிலுக்கு அப்பாலிருந்து றிஸ்வியின் மகன்:
"அன்ரி, நண்டுக்குழம்பு வரேல்லை!"

அதுதான் எங்கள் வைஃபையின் பெயர்.
கஜரூபன் வைத்தது,
கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம்,
சாப்பிட்ட கை கழுவாமல்
இடது கை ஒற்றை விரலால் தட்டி.
பாஸ்வேட் அவனுடைய மோட்டார்சைக்கிள் இலக்கம்.
மோட்டார்சைக்கிளை விற்றான்.
அலஸ்தோட்டத்தில் அறை எடுத்துப் போனான்.
இரண்டு வருசம்.
பெயரை மட்டும் ஒருவரும் ஏற்றிப் போகவில்லை.

உதவி இலக்கத்தில் பதினொரு நிமிடம் வீணை.
பிறகு நௌசாத் என்றொரு குரல்.
"அக்கா, ஊக்கு ஒண்டு இருக்கா?
பின்பக்கம் சின்ன ஓட்டை.
பத்து எண்ணும்வரை அமத்திப் பிடிங்க."
"பிடிச்சால்?"
"எல்லாம் மறந்திடும். கடையில வாங்கின நேரம் மாதிரி."

ஊக்குக் கொழுவி வைக்க முன்பு
கழுத்தில் ஒரு கொடி இருந்தது.
இப்போது பிஸ்கற் ரின்னில் தேடவேண்டும்,
பொத்தான்களுக்கும் பழைய சாவிகளுக்கும் நடுவே.

ஏழில் ஒருமுறை கை தளர்ந்தது.
பத்து.
எல்லா லைற்றும் ஒன்றாய் அணைந்து
ஒவ்வொன்றாய்ப் பச்சையாயின.

பெட்டியின் அடியில் ஒட்டிய தாளை
உப்புக்காற்று பாதி தின்றிருந்தது.
மூன்றா? எட்டா? கண்ணாடியை ஏற்றி இறக்கினேன்.
மிதுஷா டோர்ச்சைச் சரித்துப் பிடித்து,
"எட்டு அம்மா," என்றாள், கொட்டாவியோடு.

"இப்ப பேர் கேக்கும் அக்கா.
பழைய பேரையும் பழைய பாஸ்வேட்டையும்
எழுத்துப் பிசகாம அப்படியே போட்டா
முந்தி இருந்ததெல்லாம் தானா வந்து ஒட்டிக்கொள்ளும்.
புதுசெண்டா
ஒவ்வொண்டுக்கும் நீங்கதான் சொல்லோணும்."

வெற்றுக் கட்டத்துக்குள்
ஒரு சின்னக் கோடு எழும்பி எழும்பி நின்றது.

ஒவ்வொன்றுக்கும் சொன்னேன்.
டீவிக்கு றிமோட்டால், எழுத்தெழுத்தாக.
மகளின் போனுக்கு, அவள் தூங்கிய பிறகு.
பிரிண்டர் பன்னிரண்டு மணிவரை நம்பவில்லை.
விடிய, மதிலால் நீட்டிய துண்டைப் படித்துவிட்டு
றிஸ்வியின் மகன் முகத்தைச் சுளித்தான்:
"இதெல்லாம் ஒரு பேரா அன்ரி?"

சனிக்கிழமை.
மகளைக் கூட்டிப்போக வந்தவன்
கேற்றடியில், ஹெல்மெற் கழற்றாமல்.
அந்த இடத்துக்கு வந்ததும்
அவனுடைய போன் வழக்கமாக ஒருமுறை கிணுங்கும்,
வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்து.

இன்றைக்கு எடுத்துப் பார்த்தான்.
உயர்த்திப் பிடித்தான்.
வேம்புப் பக்கமாக இரண்டடி நகர்ந்தான்.

"நெற் இல்லையோ?"

"இருக்குது," என்றேன்.

மிதுஷா ஒற்றைச் செருப்போடு
மற்றதைத் தேடிக்கொண்டிருந்தாள்.